எந்த ‘வெய்’? சீன ஆண் பெயர்களின் பொருளும் சாயலும்

2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது ‘மோடி – ஜின்பிங் சந்திப்பு’ என்று தமிழில் பல தலைப்புகள் வந்தன. மோடி என்பது குடும்பப் பெயர். ஜின்பிங் என்பது பெற்றோர் வைத்த பெயர். அதிபரின் குடும்பப் பெயர் ஷி. ஆக, ஒரே தலைப்பில் ஒருவரைக் குடும்பப் பெயராலும் மற்றவரைச் சொந்தப் பெயராலும் எழுதினோம்.

இந்தச் சின்னக் குழப்பத்துக்குப் பின்னால் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. ‘வெய் என்றால் பெரியவன், லெய் என்றால் பாறை, ஜுன் என்றால் படை’ என்று சீன ஆண் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள், கதைக்குப் பாத்திரம் தேடுகிறவர்கள், சீன நண்பரின் பெயருக்குப் பொருள் தேடுகிறவர்கள் எல்லாரும் அங்கே போய் நிற்கிறார்கள். அந்தப் பட்டியல்கள் பாதி உண்மைதான் சொல்கின்றன. ஒரு சீனப் பெயரின் பொருள் அதன் ஒலியில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. சீனத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனிப் பொருள் உண்டு; எழுத்து தெரியாமல் பெயரின் பொருளைச் சொல்ல முடியாது.

முதலில் வரிசை

சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். பெரும்பாலும் அது ஓரெழுத்து, ஓரசை. பின்னால் ஒன்றோ இரண்டோ எழுத்தில் சொந்தப் பெயர். கூடைப்பந்து வீரர் யாவ் மிங்கில் யாவ் குடும்பப் பெயர், மிங் அவர் பெயர். திருமணத்துக்குப் பிறகும் பெண்கள் தங்கள் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை.

குடும்பப் பெயர்கள் மிகக் குறைவு. வாங், லி, ஜாங் என்ற மூன்றில் ஒவ்வொன்றையும் ஏறத்தாழ 10 கோடிப் பேர் வைத்திருக்கிறார்கள். லியூ, சென் என்ற இரண்டையும் சேர்த்தால் நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதம் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். அதனால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் வேலை முழுக்கச் சொந்தப் பெயரின் தலையில் விழுகிறது. ஆனால் அந்தச் சொந்தப் பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது வீட்டாரும் நெருங்கியவர்களும்தான். பள்ளியிலும் அலுவலகத்திலும் முழுப் பெயரையே சொல்வது வழக்கம்.

பெயர்களுக்கென்று தனிப் பட்டியல் கிடையாது

பல மொழிகளில் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. பெற்றோர் அவற்றில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கிறார்கள். சீனத்தில் அப்படி அல்ல. அகராதியிலுள்ள எந்த எழுத்தும் பெயராகலாம். சீன அரசு 2013இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டு எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒன்றையோ இரண்டையோ எடுத்துப் பெற்றோர் புதிதாகக் கோக்கிறார்கள். பெயர் வைப்பது என்பதைவிடப் பெயர் எழுதுவது என்று சொல்வதே பொருத்தம். இரண்டு எழுத்தில் ஒரு கவிதை எழுதுவது மாதிரி.

அப்புறம், இரண்டு எழுத்துகளையும் கூட்டினால் எப்போதும் ஒரு வாக்கியம் கிடைத்துவிடாது. ஜின்பிங்கில் முதல் எழுத்துக்கு ‘அருகில்’ என்று பொருள். இரண்டாவதுக்கு ‘சமம், அமைதி’. அவருடைய தம்பியின் பெயர் யுவான்பிங். அதில் முதல் எழுத்து ‘தொலைவு’. அருகிலும் அமைதி, தொலைவிலும் அமைதி. இரண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இப்படிப் படிக்க முடிகிறது.

ஒலி ஒன்று, எழுத்து பல

சீனாவின் பொது மொழியான மாண்டரினில் அசைகள் சுமார் 400தான். நான்கு தொனிகளையும், அதாவது பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களையும், சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1,300. எழுத்துகளோ பல ஆயிரம். ஒரே ஒலிக்குள் பல எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதற்குக் காரணம் இதுதான். நாம் ‘வெய்’ என்று எழுதுவதற்குள் என்னவெல்லாம் இருக்கலாம் என்று பாருங்கள்:

1. இறங்கி ஏறும் தொனியில் சொன்னால், ‘மகத்தான’ என்ற எழுத்தாக இருக்கலாம். ஆண்களுக்கு மிகப் பரவலாக வைத்த பெயர்.
2. உயர்ந்து சமமாக நிற்கும் தொனியில், ‘வலிமை, மிடுக்கு’ என்ற எழுத்து. இதுவும் ஆண் பெயர்.
3. ஏறும் தொனியில், ‘கட்டிக் காப்பது’ என்ற எழுத்து. அதன் இடப்பக்கத்தில் நூலைக் குறிக்கும் உறுப்பு இருக்கும்.
4. இறங்கும் தொனியில், ‘பாதுகாப்பது’ என்ற எழுத்து.
5. மறுபடியும் அந்தச் சமத் தொனியில், தலையில் புல்லைக் குறிக்கும் உறுப்போடு ஒரு செடியின் பெயர். இது பெண்களுக்கு வைப்பது.

இரண்டாவதையும் ஐந்தாவதையும் காதால் பிரித்தறிய முடியாது. தொனிகூட ஒன்றேதான். எழுதிக் காட்டினால்தான் ஒன்று ஆண் பெயர், மற்றது பெண் பெயர் என்பது தெரியும். ரோமன் எழுத்திலோ தமிழிலோ எழுதும்போது தொனியும் போய்விடுகிறது, எழுத்தும் போய்விடுகிறது. மிஞ்சுவது பெயரின் நிழல் மட்டுமே.

ஆண் பிள்ளைக்கு எந்த எழுத்துகள்?

விதி என்று எதுவும் இல்லை. ஆனால் சில எழுத்துகளைப் பார்த்ததும் ‘பையன்’ என்று சீனர்களுக்குத் தோன்றிவிடும். மலை, கடல், பேரலை, பைன் மரம், எஃகின் உறுதி, அறிவு, மனவுறுதி, நாடு, ஒளி ஆகியவை அந்த வகை.

எழுத்தின் வடிவமும் உணர்வைத் தூண்டும். யாவ் மிங்கின் ‘மிங்’ எழுத்தில் இடப்பக்கம் சூரியன், வலப்பக்கம் நிலவு; சேர்த்தால் வெளிச்சம். ‘லெய்’ என்ற ஆண் பெயரில் மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று கற்கள் அடுக்கியிருக்கும். ஒளிவுமறைவில்லாத நேர்மையான மனிதன் என்ற சாயலும் அதற்கு உண்டு. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற லியூ ஷியாங்கின் ‘ஷியாங்’ எழுத்தில் இறகு இருக்கிறது. பொருள்: சிறகு விரித்து மிதப்பது. தடைகளைத் தாண்டி ஓடுகிறவருக்கு அந்தப் பெயர் அமைந்ததைச் சீனர்கள் எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘பெங்’ என்பது இன்னொரு அருமையான பெயர். பழைய தாவோ நூல்களில் வரும் மாபெரும் பறவை அது. கடலில் மீனாக இருந்து, பறவையாக மாறி, ஆயிரக்கணக்கான மைல் உயரம் எழும்புவதாகக் கதை. பிள்ளைக்குப் ‘பெங்ஃபெய்’ என்று பெயரிட்டால் அந்தப் பறவை பறக்கிறது என்று பொருள். இதை ‘பறவை’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் சிட்டுக்குருவி அளவுக்குச் சுருங்கிவிடும்.

டிராகனும் அப்படித்தான். மேற்கத்தியக் கதைகளில் நெருப்பு கக்கி ஊரை அழிக்கும் பிராணி அல்ல இது. மழையையும் நீரையும் ஆளும் மங்கலமான சக்தி. ‘மகன் டிராகனாக வேண்டும்’ என்று பெற்றோர் ஆசைப்படுவதைச் சொல்ல ஒரு சீனச் சொலவடையே இருக்கிறது. ஜாக்கி சானின் திரைப்பெயர் செங் லோங்; ‘டிராகன் ஆனவன்’ என்று பொருள். அவர் பிறந்தபோது வைத்த பெயர் எளிமையானது: காங் சாங், அதாவது ஹாங்காங்கில் பிறந்தவன்.

பழைய இலக்கியத்திலிருந்து எடுப்பதற்கும் மதிப்பு அதிகம். ‘என்னுள்ளே இருக்கும் பரந்த உயிர்ச்சக்தியை நான் நன்கு வளர்க்கிறேன்’ என்று பண்டைய சீனத் தத்துவஞானி மென்சியஸ் சொன்னதிலுள்ள ‘பரந்த’ என்ற சொல்தான் ஹாவ்ரான். தாங் காலத்துக் கவிஞர் மெங் ஹாவ்ரானுக்கு மென்சியஸின் குடும்பப் பெயரும் இருந்தது, அவர் வாக்கும் பெயராக அமைந்தது. மாவோவின் எதிராளியாக இருந்த தலைவர் சியாங் கை ஷேக்கின் இரண்டு பெயர்களான ஜியேஷி, ஜோங்ஜெங் இரண்டுமே ‘மாற்றங்களின் நூல்’ என்ற பழைய சீன நூலின் ஒரே பகுதியிலிருந்து வந்தவை. படித்தவர் காதில் இப்படிப்பட்ட பெயர் விழுந்தால் பின்னாலேயே அந்த வரியும் ஓடி வரும்.

தலைமுறை எழுத்து

இரண்டெழுத்துப் பெயரில் ஒரு எழுத்தைப் பெற்றோர் தேர்ந்தெடுக்காமலேயே இருந்திருக்கலாம். அது முன்னோர் தீர்மானித்தது. பல குலங்கள் தங்கள் வம்சாவளி ஏட்டில் ஒரு பாட்டை எழுதி வைத்திருந்தன. பாட்டின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு தலைமுறைக்கு. அந்தத் தலைமுறையில் பிறந்த அண்ணன் தம்பி, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த எழுத்து பெயரில் வரும்.

மாவோ சேதுங் குடும்பம் இதற்குத் தெளிவான உதாரணம். ஹூனான் மாகாணத்து ஷாவோஷானில் இருந்த அவர்கள் குலப்பாட்டின் ஒரு வரியில் ஐந்து எழுத்துகள்: சூ, என், யி, சே, யுவான். வரியின் பொருள், ‘முன்னோர் அருள் விட்டுச்சென்ற நன்மை நெடுந்தூரம் செல்லும்’. கொள்ளுத்தாத்தா பெயரில் சூ, தாத்தா என்பூ, அப்பா யிச்சாங், அவர் சேதுங், தம்பிகள் சேமின், சேதான். தம்பி சேமினின் மகன் யுவான்ஷின். ஐந்து தலைமுறை ஆண்கள் வரிசையில் நின்றால் ஒரு கவிதை வரி நிற்கிறது. மாவோ தன் மகன்களுக்கு மட்டும் குலப்பாட்டை விட்டு ‘ஆன்’ என்ற வேறு எழுத்தை வைத்துக்கொண்டார்: ஆன்யிங், ஆன்சிங்.

கன்பூசியஸின் வழித்தோன்றல்கள் இன்னும் நீளமான பாட்டு வைத்திருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோங் தெசெங் 77ஆம் தலைமுறை. பெயரிலுள்ள ‘தெ’, அதாவது ‘அறம்’, அந்தத் தலைமுறையின் எழுத்து. முன்பின் தெரியாத இரண்டு கோங்குகள் சந்தித்தால்கூட யார் யாருக்குச் சித்தப்பா முறை என்று பெயரை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் ஆண்களுக்கானவை. பல குலங்களின் ஏடுகளில் மகள்களுக்கு இடமே இல்லை. ஆண் வாரிசு வேண்டும் என்ற ஏக்கத்தில் பெண் குழந்தைக்கே ‘தம்பியை அழைத்து வா’ என்று பொருள்படும் ஜாவ்தி என்ற பெயரை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் ‘போதும்பொண்ணு’ என்று வைத்த அதே மனசுதான். அந்தப் பெண்கள் வாழ்நாள் முழுக்க அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் வலிக்கிறது.

தாத்தா பெயரை வைக்க மாட்டார்கள்

தமிழில் பேரன் என்ற சொல்லே ‘பெயரன்’, தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். சீனத்தில் இது தலைகீழ். பெரியவர்களின் பெயர் எழுத்தைப் பிள்ளைக்கு வைப்பது அவமரியாதை. அந்தப் பெயரைச் சொல்லி அதட்டினால் தாத்தாவை அதட்டியதாகிவிடுமே.

அரசர் காலத்தில் இது சட்டமாகவே இருந்தது. பேரரசரின் பெயரிலுள்ள எழுத்தை யாரும் எழுதக்கூடாது. காங்ஷி பேரரசரின் பெயர் ஷுவான்யே என்பதால், பெய்ஜிங் அரண்மனையின் வடக்கு வாயிலான ஷுவான்வூ வாயிலையே ஷென்வூ வாயில் என்று மாற்றினார்கள்.

படித்த ஆணுக்குப் பருவம் வந்ததும் வெளியார் அழைக்க இன்னொரு பெயர் கிடைக்கும். இயற்பெயரின் பொருளை அது தொட்டுக்கொண்டு நிற்கும். மூன்று அரசுகள் காலத்து மதியூகி ஜூகே லியாங்கின் ‘லியாங்’ ஒளி; அவருடைய மறுபெயர் கோங்மிங், பேரொளி. ‘பறத்தல்’ என்று பெயர்கொண்ட தளபதி ஜாங் ஃபெய்யின் மறுபெயரை அந்தக் காலத்தைப் பற்றிய பிற்கால நாவல் ‘சிறகு’ என்ற எழுத்தோடு எழுதியது.

இதற்கு மறுகோடியில் வீட்டுப் பெயர் இருக்கிறது. நாய் தின்று மிச்சம் வைத்தது என்று பொருள்படும் ‘கோவ்ஷெங்’, இரும்பு முட்டை என்ற ‘தியேதான்’ போன்றவை கிராமங்களில் பையன்களைக் கூப்பிட்ட பெயர்கள். கேவலமான பெயர் வைத்தால் கெட்ட ஆவிகள் சீண்டாது, பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. பிச்சை, குப்பன் என்று நாம் வைத்ததும் இதே பயத்தில்தான். புரூஸ் லீக்குச் சிறுவயதில் வீட்டில் ‘சின்ன ஃபீனிக்ஸ்’ என்று பெண் பெயர் இருந்ததும் ஆவிகளை ஏமாற்றத்தான்.

பெயரைப் பார்த்தால் பிறந்த காலம் தெரியும்

பெயரின் ‘சாயல்’ என்று சொல்வதில் பாதி இதுதான். பெயர் எழுத்துகள் வரலாற்றோடு சேர்ந்து மாறின.

1. 1949–1957. மக்கள் குடியரசு பிறந்த சமயம். ‘நாட்டைக் கட்டு’ என்ற ஜியான்குவோ, ‘படையைக் கட்டு’ என்ற ஜியான்ஜுன். கொரியப் போர் நடந்த 1950–53இல் ‘கொரியாவுக்கு உதவு’ என்ற யுவான்சாவ். இன்று ஜியான்குவோ என்ற பெயரைக் கேட்டால் ஒரு தாத்தா முகம்தான் மனதில் வரும்.

2. 1958–1976. உற்பத்தியைப் பெருக்க மாவோ நடத்திய ‘பெரும் பாய்ச்சல்’ இயக்கத்தின் பெயரான யூயேஜின் பிள்ளைகளுக்கும் வந்தது. கலாச்சாரப் புரட்சியில் ‘கிழக்கைக் காப்பவன்’ என்ற வெய்துங். கிழக்கு என்றால் மாவோ. அவர் பெயரிலுள்ள அதே ‘துங்’. அந்த ஆண்டுகளில் வம்சாவளி ஏடுகள் பழமையின் சின்னங்களாகக் கொளுத்தப்பட்டன. பல குடும்பங்களில் குலப்பாட்டு அதோடு அறுந்தது.

3. 1980கள். அரசியல் முழக்கங்களில் மக்கள் களைத்துப்போயிருந்தார்கள். ஒற்றைக் குழந்தைக் கொள்கை வந்த பிறகு, உடன்பிறந்தோர் பகிர்ந்துகொள்ளும் எழுத்துக்கும் தேவை குறைந்தது. ஓரெழுத்துப் பெயர்கள் பெருகின: வெய், லெய், பெங், ஜியே. யாவ் மிங் பிறந்தது 1980இல், லியூ ஷியாங் 1983இல். சொல்லச் சுருக்கம், கேட்கக் கம்பீரம். ஆனால் ஒரே குடும்பப் பெயர், ஒரே எழுத்து என்று ஆனதும் பெயர்கள் மோதின. ஜாங் வெய் என்ற பெயரை ஒரே எழுத்துகளில் எழுதுகிறவர்கள் மட்டும் 2.9 லட்சம் பேருக்கு மேல் என்று காவல்துறைப் பதிவுகள் காட்டின.

4. 2000க்குப் பின். மறுபடி இரண்டெழுத்து. இந்த முறை வானம், விண்மீன், அரண்மனை. ஹாவ்யூ (பரந்த பிரபஞ்சம்), யூஷுவான் (பிரபஞ்சம், உயர்ந்த மாடம்). பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்ட கணக்குகளில் 2020இல் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர் யீச்சென், 2021இல் மூச்சென். இரண்டிலும் ‘சென்’ ஒரே ஒலி, ஒரே தொனி. ஆனால் முதல் பெயரில் அது விண்மீனையும் காலத்தையும் சொல்லும் எழுத்து. இரண்டாவதில் பேரரசர் வசிக்கும் மாளிகை.

இந்தப் புதுப் பெயர்கள் இணையத் தொடர்கதை நாயகர்களின் பெயர் மாதிரி இருக்கின்றன என்று சீனாவிலேயே பலர் குறைசொல்கிறார்கள். தனித்துத் தெரிய வேண்டும் என்றுதான் ஒவ்வொரு பெற்றோரும் தேடுகிறார்கள். எல்லாரும் ஒரே அழகைத் தேடுவதால் ஒரு வகுப்பில் மூன்று பையன்களுக்கு அந்தப் பெயர் வந்துவிடுகிறது. எனக்கு இதில் அவர்கள்மேல் பரிவுதான் வருகிறது. ஒரு குழந்தைக்கு வைக்கப்போகும் ஒரே பெயர் அது.

ஜாதகமும் காதும்

பிறந்த நாள் நேரத்தை வைத்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தில் எது குறைகிறது என்று பார்த்து, அதைப் பெயரில் சேர்க்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. உலோகம் குறைந்தால் ‘ஷின்’: மூன்று பொன் சேர்ந்த எழுத்து. நீர் குறைந்தால் மூன்று நீர் சேர்ந்த ‘மியாவ்’. மரத்துக்கு மூன்று மரம் சேர்ந்த ‘ஸென்’. சீன எழுத்தாளர் லூ சுன்னின் கதை ஒன்றில் வரும் சிறுவனுக்கு ருந்தூ என்று பெயர். மிகை மாதத்தில் பிறந்தான், மண் குறைந்தது. அந்த இரண்டும்தான் அவன் பெயர்.

அடுத்து, குடும்பப் பெயரோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘தெ’ என்றால் அறம், நல்ல பெயர்தான். ஆனால் குடும்பப் பெயர் வூ என்றால் சிக்கல். ‘இல்லை’ என்ற சொல்லும் அதே ஒலி என்பதால் வூ தெ என்பது ‘அறமில்லாதவன்’ என்று காதில் விழும். தூ குடும்பத்தில் பிள்ளைக்கு ‘சூதெங்’ என்று வைத்தால் ‘வயிற்றுவலி’ என்று கேட்கும். பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் என்ன பாடுபடுவான்! வெளிநாட்டவர் அகராதியைப் புரட்டித் தாங்களே சீனப் பெயர் கோத்துக்கொள்ளும்போது தடுக்கி விழுவதும் இங்கேதான்.

சிங்கப்பூர், மலேசியாவில்

அங்குள்ள தமிழர்கள் தினமும் கேட்கும் சீனப் பெயர்கள் பலவும் மாண்டரின் உச்சரிப்பில் இல்லை. ஹொக்கியன், தியோச்சியூ, காண்டனீஸ் ஆகிய தென்சீனப் பேச்சுமொழிகளின் உச்சரிப்பில் இருக்கின்றன. டான், சான், சென் மூன்றும் ஒரே எழுத்து. லிம், லாம், லின்னும் அப்படியே. ‘இங்’ என்ற குடும்பப் பெயர் ஹொக்கியன்காரருக்கு ஒரு எழுத்து (மாண்டரினில் ஹுவாங்), காண்டனீஸ்காரருக்கு வேறொன்று (மாண்டரினில் வூ).

லீ குவான் யூவின் பெயர் மாண்டரினில் குவாங்யாவ்: ஒளியும் சுடரும். 1952இல், டிராகன் ஆண்டில் பிறந்த மகன் சியன் லூங்கின் பெயருக்குப் ‘புகழ்பெற்ற டிராகன்’ என்று பொருள். தம்பி சியன் யாங்கின் பெயரிலும் அதே ‘சியன்’ இருக்கிறது. குவாங்யாவ், சியன் யாங் இரண்டுமே குடும்பத்துக்குப் பெருமை சேர்ப்பதைச் சுட்டும் பெயர்கள். சியன் லூங்குக்கு அடுத்துச் சிங்கப்பூர்ப் பிரதமரான லாரன்ஸ் வோங்கின் சீனப் பெயரில் ‘செல்வம்’ என்ற எழுத்து இருக்கிறது. ஆங்கிலப் பெயரை மட்டும் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

எப்படிக் கேட்பது?

சீனர்களுக்கே ஒரு புதுப் பெயரைக் காதால் கேட்டு மட்டும் எழுத வராது. அதனால் ‘எந்த வெய்?’ என்று கேட்பது அங்கே சகஜம். அறிமுகம் செய்துகொள்ளும்போது எழுத்தைப் பிரித்துச் சொல்லும் வழக்கமும் உண்டு. ‘மரம், பிள்ளை – லி’ என்றால், மேலே மரமும் கீழே பிள்ளையும் உள்ள லி. ‘வில், நீளம் – ஜாங்’ என்றால், இன்னொரு ஜாங் அல்ல, இந்த ஜாங். சொந்தப் பெயருக்கு, எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல்லைக் காட்டி ‘அதில் வரும் வெய்’ என்பார்கள்.

சீன நண்பர் ஒருவரின் பெயருக்குப் பொருள் தெரிய வேண்டுமென்றால் நீங்களும் அதையே செய்யுங்கள். பெயரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள். யார் வைத்தது, அண்ணன் தம்பிக்கு என்ன பெயர், தாத்தா சொன்ன எழுத்தா என்றும் கேளுங்கள். உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு கோடாக எழுதிக் காட்டியே பதில் சொல்வார்கள்.